இரைச்சல் அண்ணையின் மூன்று மைக்குகள்

உலகத்தில் எல்லாரும் சத்தத்தைக் கேட்பார்கள். சத்தத்துக்குப் பின்னால் என்ன கிடக்கிறது என்று கேட்ட ஒரே மனிதர் எங்கள் இரைச்சல் அண்ணைதான்.

மொன்றியலின் லாசால் பகுதியில் வீடு. உடுப்புத் தோய்க்கும் மெசின் திருத்துவது வேலை. கிழமை முழுக்க கடகடவென்று ஆடும் மெசின்களோடு இருந்துவிட்டு, ஓய்வு கிடைத்தால் காதில் ஹெட்போனும் கையில் மைக்குமாக வெளிக்கிடுவார். ஆற்றில் ஐஸ் வெடிக்கும் சத்தம், மெத்ரோ ரயில் கதவு மூடும் சத்தம், பனி விழும் சத்தம் எல்லாவற்றையும் பதிவார். பனிக்கு ஏது சத்தம் என்று மட்டும் கேட்கக் கூடாது. கேட்டால் நாற்பது நிமிடம் போட்டுக் காட்டுவார்.

அவருக்கு ஒரே ஓர் எதிரி. எந்த மைக்கிலும், மைக்கின் மெல்லிய சத்தத்தைப் பெருக்கிக் கொடுக்கிற ப்ரீஆம்ப் என்ற சின்னப் பெட்டியிலும், அடியில் 'ஸ்ஸ்ஸ்' என்று ஓர் இரைச்சல் இருக்குமாம். அவரிடம் மூன்று மைக், இரண்டு பெட்டி. எதை எதோடு பூட்டினால் அந்த 'ஸ்ஸ்ஸ்' குறையும் என்பதுதான் அவருடைய வாழ்க்கைப் பிரச்சினை.

ஒருமுறை கோயில் திருவிழாவில், மேளம் உச்சத்தில் இருக்கும்போது ஐயரிடம் போனார்.

"ஐயா, மேளத்தையும் மணியையும் ஒருக்கா நிப்பாட்டுங்கோ. கோயிலின்ர அமைதியை ஒரு நிமிசம் எடுக்கோணும்."

ஐயர் வியர்வையைத் துடைத்தார். "திருவிழாவில அமைதியோ? புதன்கிழமை பின்னேரம் வாரும். நானும் அமைதியும் மட்டும்தான் இருப்பம்."

அன்றுதான் நான் அகப்பட்டேன். அன்னதான வரிசையில் நின்று "கொஞ்சம் சாம்பார்" என்று மூன்று தரம் கேட்டேன். பரிமாறியவருக்குக் கேட்கவில்லை. பின்னால் நின்ற அண்ணை என் தோளைப் பிடித்தார்.

"தம்பி, இந்தக் குரலைத்தான் நான் தேடித் திரிஞ்சனான்!"

என் குரல் கேட்கவில்லை என்பவர்களைத்தான் எனக்குத் தெரியும். தேடினவரை அன்றுதான் கண்டேன்.

"பெலத்த சத்தத்தை எந்த மைக்கும் பிடிக்கும். மெல்லிசா ஒண்டு இருந்தாத்தான் பெட்டியைக் கூட்டி முறுக்கலாம். முறுக்கினாத்தான் இரைச்சல் வெளியில வரும். உம்மைப் போல மெல்லிசு மொன்றியலிலயே கிடையாது!"

அதன்பின் ஒவ்வொரு சனிக்கிழமையும் நான் அவருடைய குசினியில், அடுப்புக்குப் பக்கத்தில். முதலில் "ஒண்டு, ரெண்டு, மூண்டு" சொன்னேன். அது அலுக்க, மெத்ரோ நிலையங்களின் பெயர்கள். அவையும் முடிய, வேறு வழியில்லாமல் என் கதை. வேலையிடத்தில் முதலாளி பகிடி விட்டால் விளங்காமலே சிரிப்பது, மகனுடைய ஆசிரியை பிரெஞ்சில் ஏதும் கேட்டால் இருமல் வந்த மாதிரி நடிப்பது, இப்படி மனைவிக்கும் சொல்லாத கதைகள். அண்ணை கண்ணை மூடிக்கொண்டு இருப்பார்.

"என்ன அண்ணை, சிரிப்பு வரேல்லையோ?"

"நீர் என்ன சொன்னனீர் எண்டு ஆர் கேட்டது? பின்னால இரைச்சல் வடிவாக் கேக்குது. நிப்பாட்டாதையும், கதையும்!"

கூச்சக்காரனுக்கு இதைவிட வசதியான காது எங்கே கிடைக்கும்?

ஒருநாள் பிரிட்ஜ் உறுமுகிறது என்று பிளக்கைக் கழற்றினார். திரும்பப் போட மறந்தார். அடுத்த நாள் பின்னேரம் அவருடைய மனைவி, நான் அக்கா என்று கூப்பிடுபவர், பிரிட்ஜைத் திறந்தார். ஒரு கிழமைக்கு வாங்கி வைத்த ஆட்டிறைச்சியும் மீனும் வீட்டை விட்டு எல்லாரையும் வெளியேற்றின.

"இஞ்சாருங்கோ! ஒரு மைக், ஒரு பெட்டி. மிச்சமெல்லாம் இந்த மாசத்துக்குள்ள போகோணும். இல்லையெண்டா அதுகளோட நீங்களும் போகலாம்."

அண்ணை பயந்தார். நான் அவரைவிடப் பயந்தேன். மைக்கைத் தெரிவுசெய்தால் சோதனை முடியும். சோதனை முடிந்தால் என் சனிக்கிழமையும் முடியும்.

ஆகவே வாழ்க்கையில் முதல் தடவையாகக் கள்ளத்தனம் செய்தேன். அண்ணை ஹெட்போனை என் காதில் மாட்டி, வெறும் 'ஸ்ஸ்ஸ்' சத்தத்தை மட்டும் கேட்கவிட்டு, "எது திறம்?" என்று கேட்டால், "ரெண்டாவது நல்லம்தான்... எண்டாலும் மூண்டாவதை இன்னொருக்கா..." என்று இழுப்பேன். அவர் சந்தோசமாக முதலாவதிலிருந்து தொடங்குவார். இப்படியே மூன்று சனியை ஓட்டினேன்.

நாலாவது சனி அக்கா ஈரக் கையோடு வந்தார். ஹெட்போனைப் பறித்து மாட்டி ஒவ்வொரு மைக்கின் பதிவையும் கேட்டார். ஐந்து நிமிடம்கூட ஆகவில்லை.

"இது."

"என்னப்பா சொல்லுறாய்? இதில இரைச்சல் கூடவெல்லோ!"

"இரைச்சல் கிடக்கட்டும். இதிலதான் தம்பி பக்கத்தில இருந்து கதைக்கிற மாதிரிக் கிடக்கு. அந்த இருமல் கதைக்கு எனக்குச் சிரிப்பு அடக்கேலாமப் போச்சு."

நான் சொன்னதெல்லாம் பதிவாகிக்கொண்டிருந்தது என்பது அப்போதுதான் எனக்கு உறைத்தது. இரண்டு காதும் சுட்டன.

மற்ற மைக்குகளும் பெட்டியும் அந்தக் கிழமையே விலைப்பட்டன. அடுத்த சனிக்கிழமை வீட்டில் யன்னலைப் பார்த்துக்கொண்டு இருந்தேன். "இண்டைக்குப் போகேல்லையோ?" என்று மனைவி இரண்டு தரம் கேட்டுவிட்டாள். அப்போது போன் அடித்தது.

"தம்பி, மைக்கில காத்துப் படாம மூடுற சடைத்தொப்பி ரெண்டு வாங்கினனான். எது திறமெண்டு பாக்கோணும். வெளியில நல்ல காத்து, ஆற்றங்கரைக்கு வாரும்."

"அக்கா ஒண்டும்...?"

"அவ மைக்கைத்தானே சொன்னவ!"

வெளியே சைபருக்குக் கீழே இருபது பாகை. அவர் போனை வைக்கும் முன்பே நான் ஒரு காலில் சப்பாத்தைப் போட்டுவிட்டேன்.