மொம்பாசாவுக்கு நான் வருவதற்கில்லை

சிதறால்,
1934 செப்டம்பர், ஞாயிறு ஆராதனைக்குப் பிற்பாடு.

கர்த்தருக்குள் பிரியமும், மொம்பாசா ரயில்வே ஆபீஸில் குமாஸ்தா உத்தியோகமும், மாமனாருக்கே புத்தி சொல்லும் துணிவும் ஒருங்கே வாய்க்கப்பெற்ற மருமகன் ஜஸ்டஸ் அவர்களுக்கு, ஓய்வுபெற்ற தலைமை உபாத்தியாயர் யேசுரத்தினம் வாழ்த்துதல் கூறி எழுதுவது. இங்கே நானும் உம் மாமியார் ஜெபகனியும் புதிதாக வாங்கிய பசுவும் தேவ கிருபையால் சுகமாயிருக்கிறோம். உமது கடிதம் வருவதற்கு முன்னால் இன்னும் அதிக சுகமாயிருந்தோம்.

என் மகள் லீலாபாய் உண்டாகியிருக்கிறாள் என்று நீர் எழுதியபோது, முறைப்படி தலைப்பிரசவத்துக்கு அவளைத் தாய்வீட்டுக்கு அனுப்பி வையும் என்று பதில் எழுதினேன். எழுதிவிட்டுச் சும்மா இருக்கவில்லை. தெற்கு அறைக்கு வெள்ளையடித்தேன். தொட்டில் கட்ட உத்தரத்தில் வளையம் போட்டேன். பிள்ளைத்தாய்ச்சிக்குப் பால் வேண்டுமே என்று ஒரு பசுவும் வாங்கினேன். முன்கோபக்காரி, ஆனாலும் பால் கெட்டி. இத்தனைக்கும் உம்மிடமிருந்து வந்த பதில் என்ன? டாக்டர் கப்பல் பிரயாணம் கூடாது என்கிறாராம், ஆகையால் லீலாபாய் வருவதற்கில்லையாம். அதற்குப் பதிலாக மாமாவும் அத்தையும் புறப்பட்டு அங்கே வந்து, காட்டில் கூடாரம் அடித்துச் சிங்கம் பார்த்து, அப்புறம் மொம்பாசா கடற்கரையில் காற்று வாங்கி, பேரப்பிள்ளையையும் கண்டுகொண்டு திரும்பலாமாம். சிங்கத்துக்கு மூன்று பக்கம், கடற்கரைக்கு இரண்டு பக்கம், என் மகளுக்கு இரண்டே வரி. எதை எங்கே வைப்பது என்று தெரியாத ஆளை ஆபீஸில் எப்படி வைத்திருக்கிறார்களோ!

இந்தக் கூடார விவகாரத்துக்குச் சபாரி என்று ஒரு பெயரும் எழுதியிருக்கிறீர். மருமகனே, நீர் ஞாயிறு பள்ளியில் தூங்கியவர் என்று எனக்கு அன்றே தெரியும். இஸ்ரவேலர் நாற்பது வருஷம் வனாந்தரத்தில் கூடாரத்தில் கிடந்தது ஆசைப்பட்டு அல்ல, ஊர் போய்ச் சேர முடியாமல். தானியேலைச் சிங்கக் கெபியில் பிடித்துத் தள்ளினார்கள்; அவர் டிக்கெட் எடுத்துக்கொண்டு போகவில்லை. எங்கள் மலையடிவாரத்தில் புலி வந்தால் நாங்கள் கதவைச் சாத்திக்கொள்வோம். பார்க்க வேண்டும் என்று அதன் வீட்டுக்குப் போவதில்லை. 'ரயில் ஜன்னலிலிருந்தே ஒட்டகச்சிவிங்கி தெரியும்' என்றும் எழுதியிருக்கிறீர். கழுத்து நீண்டது என்பதற்காக ஒரு மிருகத்தைக் கடல் கடந்து போய்ப் பார்ப்பதென்றால், எங்கள் தென்னைக்கு என்ன குறை?

கடற்கரையில் ஓய்வாம். கடலே பார்க்காதவனிடம் சொல்லும் இதை. குளச்சல் எங்களுக்குக் கூப்பிடு தூரம் இல்லாவிட்டாலும் நடக்கிற தூரம். கடற்கரைக்குப் போனால் மீன் வாங்குவோம், வீட்டுக்கு வருவோம். வேலையில்லாமல் மணலில் வெயில் காய்ந்து கிடப்பது எங்கள் பக்கத்தில் கருவாடு மட்டும்தான்.

போகட்டும் என்று அடுப்பில் போட்டிருப்பேன் உம் கடிதத்தை. ஆனால் நுணலும் தன் வாயால் கெடும். மகள் வீடு வந்து சேர வேண்டுமே என்ற ஆதங்கத்தில், இரண்டு வாரத்துக்கு முந்தின ஞாயிற்றுக்கிழமை ஜெபத்தில் சேர்க்கும்படி ஒரு விண்ணப்பச் சீட்டு எழுதி, நம் சபை உபதேசியார் யோவானிடம் கொடுத்தேன். மருமகனுக்குப் புத்தி வர ஜெபியுங்கள் என்று எழுதினால் குடும்ப மானம் போகுமே என்று, 'ஆப்பிரிக்கா கப்பல் பிரயாணம் வாய்க்கும்படி யேசுரத்தினம் குடும்பத்தின் விண்ணப்பம்' என்று மட்டும் பூசி மெழுகி எழுதினேன். மனுஷன் பிரசங்க பீடத்தில் ஏறி நின்று, நானும் ஜெபகனியும் ஆப்பிரிக்கா போகிறோம் என்று எடுத்துக்கொண்டு, புயலைக் கடிந்து, கடலை அமர்த்தி, சிங்கங்களின் வாயைக் கட்டி, கால் மணி நேரம் ஜெபித்தார். சபையார் முழங்கிய ஆமென் ஓட்டைப் பிரித்தது. ஆராதனை முடிந்ததும் ஓடிப்போய், "நான் போகவில்லை, வோய்!" என்றேன்.

"சாறே, அப்பிடிச் சொல்லப்பிடாது" என்றார். "சபை முழுக்க ஒரே மனசா ஜெபிச்சாச்சு. இனி நீங்க போகாட்டா ஜெபம் கேக்கப்படல்லண்ணு ஆவும். அடுத்த வாரம் மழைக்கு வேற ஜெபிக்கணும். எனக்கப் பேரு என்ன ஆவது?"

அன்று பொழுது சாய்வதற்குள் வீடு நிறைந்தது. அடுத்த வீட்டுத் தாணம்மாள், தன் தம்பிக்கென்று ஒரு டின் நேந்திரங்காய் வறுத்த உப்பேரி கொண்டுவந்தாள். தம்பி இருப்பது பினாங்கில். அது கிழக்கே, ஆப்பிரிக்கா மேற்கே என்று தரையில் கோடு கிழித்துக் காட்டினேன். "கடலு ஒண்ணுதானே சாறே? ஒரு ஆளு கிட்ட கொடுத்துவிட்டா போதும்" என்று டின்னை வைத்துவிட்டுப் போய்விட்டாள். என்னிடம் அவள் பூகோளம் படித்திருந்தால் இப்படி ஆகியிருக்காது என்று சொல்ல வாயெடுத்தேன். அவள் என்னிடம்தான் படித்தாள்.

அப்புறம் வந்து சேர்ந்தார் களியக்காவிளை கொப்பரை வியாபாரி முத்துநாயகம். ஒரே ஒரு தடவை கொழும்புக்குப் போய் வந்தவர். அன்று முதல் உலகத்தில் அவர் பார்க்காதது இல்லை. "சிங்கம் வந்தா ஓடப்பிடாது, கேட்டீரா? கண்ணுக்குக் கண்ணு நோக்கி நிக்கணும்" என்றார். "நீர் எந்தச் சிங்கத்தை வோய் நோக்கினீர்?" என்றேன். "கொழும்பு சர்க்கஸ்ல. கூட்டுக்குள்ள கெடந்துது. என்னைக் கண்டதும் தலையைத் திருப்பிட்டு!" என்றார். சிங்கத்தின் நல்ல புத்தி எனக்கு இல்லாமல் போயிற்று. அவர் பேச்சைக் கேட்டு, போகாவிட்டாலும் இருக்கட்டுமே என்று காக்கிக் கால்சட்டை தைத்து, துரைமார் போடும் சோலாத் தொப்பியும் வாங்கினேன். முழங்கால் தெரிய நான் முற்றத்தில் வந்து நின்றதும் பசு கயிற்றை அறுத்துக்கொண்டு ஓடியது. அதைத் தேடிக்கொண்டு தோப்பு, விளை என்று ஒவ்வொன்றாக நான் போக, தொப்பியைப் பார்த்து நிலம் அளக்கும் சர்வே ஆபீசர் வந்துவிட்டார் என்று ஊர் கலங்கியது. ஒருவன் எல்லைக்கல்லைப் பிடுங்கிப் பழைய இடத்தில் நட்டான். இன்னொருவன் இளநீர் வெட்டிக் கொடுத்து, அடுத்த விளைக்காரன்மேல் தன் பாட்டன் காலத்து வழக்கை ஆரம்பித்தான். இளநீர் குடித்த பாவத்துக்கு, என் காலடியால் எல்லையை அளந்து கொடுத்துவிட்டு, பசுவையும் பிடித்துக்கொண்டு வந்தேன். இரண்டு பேருக்குமே திருப்தியில்லையாம். ஆகவே தீர்ப்பு நியாயமானதுதான் என்று ஊரில் பேச்சு.

கப்பல் எனக்கு ஒத்துக்கொள்ளுமா என்று பார்க்கக் குளச்சலில் வள்ளத்தில் ஏறிப் பார்க்கலாம் என்றாள் ஜெபகனி. ஏறினேன். காலையில் உண்ட ஆப்பம் அப்படியே வெளியே வந்துவிட்டது. கண்ணை மூடிக்கொண்டு, "இன்னும் எவ்வளவு தூரம்?" என்று கேட்டேன். "சாறே, வள்ளத்தை இன்னும் மணல்ல இருந்தே தள்ளல்ல!" என்றான் வள்ளக்காரன். கரையில் நின்ற அத்தனை பேரும் சிரித்தார்கள். ஜெபகனியோ எதிரே உட்கார்ந்து உளுந்தவடை தின்றுகொண்டிருந்தாள். மீன் வயிற்றில் கிடந்த யோனாவுக்குக்கூட எதிரே இப்படி ஒரு காட்சி இருந்ததில்லை.

ஆகவே மருமகனே, ஒரே பேச்சு. நான் வருவதற்கில்லை. ஜெபகனியும் வருவதற்கில்லை. அவள் ஒரு வாரமாய், "சிங்கமும் வேண்டாம், மண்ணாங்கட்டியும் வேண்டாம், எனக்கு என் பிள்ளைய பாக்கணும்" என்று சொல்லிக்கொண்டிருந்தாள். தலைப்பிரசவம் தாய்வீட்டில் என்பது முறை, முறையை விட்டால் நாம் மனுஷரல்ல என்று விளக்கினேன். இப்போது அவள் உரலில் சுக்கும் நல்லமிளகும் இடிக்கிற வேலையில் இறங்கிவிட்டாள். என் வாதம் அவளுக்குப் புரிந்துவிட்டது. நீர் வேறு டாக்டரைக் கேளும். நல்ல டாக்டராகப் பாரும். என்னைக் கேட்டால், உம் சிங்கமும் சபாரியும் எனக்கு ஒரு பொருட்டே அல்ல. வெள்ளையடித்த அறையைத் தினம் திறந்து பார்த்துவிட்டு மூடுகிறேன். எனக்கு இருப்பது ஒரே மகள். அவள் வலியில் கூப்பிட்டால் காது கேட்கிற தூரத்தில் நான் இருக்க வேண்டும். அவ்வளவுதான்.

உங்கள் இருவரையும் வயிற்றுப் பிள்ளையையும் கர்த்தர் தமது சிறகின் கீழ் மூடிக் காப்பாராக. உமக்குப் புத்தியும் அருள்வாராக. லீலாபாய்க்கு என் முத்தங்கள். உமக்கு வேண்டிய அளவு அன்பு.

இப்படிக்கு,
மனம் மாறாத மாமனார்,
யேசுரத்தினம்

பின்குறிப்பு: இதை நான் எழுதுவது பம்பாயை விட்டுப் புறப்பட்ட கப்பலில், மேல்தளத்தில். மேற்கண்ட கடிதத்தை உறையிலிட்டு ஒட்டப் போகும் சமயத்தில் ஜெபகனி வந்து நின்றாள். "தலைப்பிரசவம் அம்மைவீட்டுல நடக்கணும். அதுதானே ஒங்க முறை?" என்றாள். அதுதான் என்றேன். "அம்மை எங்க இருக்காளோ அதுதான் அம்மைவீடு. பேறுகால மருந்து எல்லாம் இடிச்சுக் கட்டியாச்சு. நான் போறேன். நீங்க வெள்ளையடிச்ச அறைக்குக் காவல் இருங்க" என்றாள். எத்தனையோ பள்ளிக்கூட இன்ஸ்பெக்டர்களை வாயடைத்த நான், கால்சட்டையையும் தொப்பியையும் எடுத்து என் பெட்டியில் வைத்தேன். பசுவைத் தாணம்மாளிடம் விட்டு வந்தேன். பினாங்கு உப்பேரியைக் கடல் கொந்தளிப்பில் நானே தின்று தீர்த்தேன். அதுதான் வயிற்றில் நிற்கிறது. இவ்வளவு அருமையாக எழுதிய கடிதத்தைக் கிழிக்க மனம் வராததால், மொம்பாசா துறையில் நானே உம் கையில் தருவேன். நீர் இதை வாசித்துக்கொண்டு நில்லும், நாங்கள் லீலாபாயைப் பார்க்க முன்னால் போகிறோம். வாசித்து முடித்ததும், சிங்கம் ரயிலில் எந்தப் பக்கத்து ஜன்னலில் தெரியும் என்று என் காதோடு சொல்லும். பிள்ளை பிறந்தபின் போகும்போது, ஜெபகனிக்கு முன்னால் நான் அந்த ஜன்னலைப் பிடித்துவிட வேண்டும்.