ரிஜெக்டண்ணன் பாஸ் பண்ணிய பிராந்தி

திருப்பூரிலிருந்து கப்பலேறிய பனியன்களில் பாதியாவது எங்கள் ரிஜெக்டண்ணனுக்குப் பயந்துதான் ஒழுங்காகத் தைக்கப்பட்டிருக்கும். ராயபுரத்தில் நான் வேலை பார்த்த கம்பெனியில் செக்கிங் டேபிளுக்கு அவர்தான் தலைவர். தையல் ஒரு நூல் விலகினாலும் அந்த இடத்தில் சிவப்பு அம்பு ஸ்டிக்கரை ஒட்டி, "ரிஜெக்ட்டு!" என்பார். மேனேஜர் வீட்டுக் கிரகப்பிரவேசத்துக்குப் போனவர், சரியாகச் சாத்தாத வாசற்கதவுக்கு ஓர் அம்பு ஒட்டிவிட்டுத்தான் பந்தியில் உட்கார்ந்தார்.

நான் அதே டேபிளில் நூல் பிசிறு வெட்டுகிறவள். எட்டு வருடத்தில் அவரிடம் நான் பேசியது "சரிங்க" என்ற ஒரே சொல். எனக்கு வாய் வராது.

புரோட்டாவில் வளர்ந்த உடம்பு அவருடையது. திடீரென்று வயிறு உப்பிக்கொண்டது. தின்றது எதுவும் தங்கவில்லை. டாக்டரம்மா சோதித்துப் பார்த்து, கோதுமையில் இருக்கும் குளூட்டன் அவர் குடலுக்கு ஆகாது, கோதுமை, மைதா, ரவை, பார்லி எதுவும் வாயில் படக்கூடாது என்று சொல்லிவிட்டார்.

மறுநாள் கேண்டீனே செக்கிங் டேபிள் ஆயிற்று. பன்னுக்கு அம்பு, பப்ஸுக்கு அம்பு. என் டிபன் பாக்ஸைத் திறந்தால் உப்புமா நடுவிலும் நட்டமாக ஓர் அம்பு.

"ரவைங்க அம்மிணி. ரிஜெக்ட்டு."

நோய் எனக்கில்லை, அவருக்குத்தான் என்று எப்படிச் சொல்வது? "சரிங்க" என்று பட்டினி கிடந்தேன்.

ஒன்றே ஒன்றுதான் அவர் கண்ணில் பாஸ் ஆனது. வேலை முடிந்து வீட்டில் அவர் குடிக்கும் பிராந்தி.

"பீரு பார்லிங்க, ரிஜெக்ட்டு. பிராந்தி திராட்சைங்க. பத்தியத்துக்குன்னே படைச்சது" என்று எல்லோரிடமும் விளக்குவார்.

தூத்துக்குடிப் பக்கத்திலிருந்து வந்த டெய்லர் ஜெபா சும்மா இருப்பாளா? "அப்பம் திராட்சைப் பழத்தையே வாங்கித் திங்க வேண்டியதான அண்ணே?"

"பழம் திங்கறதுக்கு எனக்கென்ன காய்ச்சலா?"

இரண்டு மாதமாகியும் வயிறு சரியாகவில்லை. ஆள் பாதியாகிப் போனார். கம்பெனி எலாஸ்டிக்கை வெட்டி இடுப்பில் கட்டித்தான் பேண்ட் நின்றது. ஒரு நாள் டேபிள் மேலேயே மயங்கி விழுந்தார். மேனேஜர் கண்டிப்பாகச் சொல்லிவிட்டார்: "இந்த மாசத்துக்குள்ள ஒடம்பு தேறலீன்னா உங்க சொந்த ஊரு மூலனூருக்கே போய் ரெஸ்ட் எடுங்க. வேற ஆளைப் போட்டுக்கறோம்."

மறுபடியும் டாக்டரம்மாவிடம் காட்ட, துணைக்கு என்னைக் கம்பெனி வேனில் ஏற்றி அனுப்பினார்கள். வழியெல்லாம் அவர் புலம்பல். "மூலனூர்ல நான் என்னத்தைங்க செக் பண்றது? முருங்கைக்காய் கோணலா இருக்குதுன்னு அம்பு ஒட்டறதா?" எனக்குச் சிரிப்பும் வந்தது, அழுகையும் வந்தது.

டாக்டரம்மா எடுத்ததும் பிராந்தியைப் பற்றித்தான் கேட்டார்.

"அது பாஸ் ஆன ஐட்டமுங்க."

"எதுல செஞ்சாலும் காய்ச்சி வடிக்கிறதால கோதுமைப் புரதம் அதுல வராதுதான். ஆனா கலர், வாசனைன்னு பின்னால என்னத்தைச் சேர்த்தாங்களோ யாருக்குத் தெரியும்? கோதுமையே இல்லைன்னாலும், புண்ணான குடல்ல ஊத்தினா எரியும். ஈரலும் கெட்டுப் போகும்."

"அப்ப கோதுமை இல்லைன்னு நீங்களே சொல்லீட்டீங்க?"

டாக்டரம்மா பேனாவைக் கீழே வைத்தார். "ரத்தத்தைப் பார்த்தா கோதுமை இன்னும் உள்ள போய்ட்டுத்தான் இருக்கு. பிராந்தியை நிறுத்துங்க. கோதுமை எதுல வருதுன்னு கண்டுபிடிங்க."

ரிஜெக்டண்ணன் முகம் கறுத்துவிட்டது. நோய் அவரைச் சுடவில்லை. தன் கண்ணுக்கு ஒரு பழுது தப்பியதுதான் சுட்டது.

அவரை வீட்டில் விடப் போனபோது அவர் மனைவி என்னைச் சமையலறைக்குள் கூட்டிப் போய், அவருக்கு மோர் கலக்கினார். பெருங்காயத்தூளை அள்ளி அள்ளிப் போட்டார். "வயித்துக் காத்துக்கு இதான் அம்மிணி மருந்து. இப்ப ரசத்துலயும் ரெட்டிப்பாத்தான் போடறேன்."

டப்பாவை எடுத்துப் பார்த்தேன். ஐந்தாம் வகுப்புப் படிப்பு. எழுத்துக் கூட்டித்தான் படிப்பேன். சேர்த்த பொருள்களின் வரிசையில், பெருங்காயத்துக்கு முன்னால் முதல் பேராகவே போட்டிருந்தது: கோதுமை மாவு.

என் பையில் ஸ்டிக்கர் ரோல் இருந்தது. ஓர் அம்பைக் கிழித்து அந்த வரியில் ஒட்டி, டப்பாவை அவர் முன்னால் வைத்தேன்.

கண்ணாடியை மாட்டிப் படித்தார். திரும்பவும் படித்தார்.

"ஏனுங்க, என்னுங்க அது?" என்று பதறினார் மனைவி.

"ஒண்ணுமில்ல. மோரு ரிஜெக்ட்டு" என்றார். அப்புறம் என்னிடம் கையை நீட்டி ஒரு ஸ்டிக்கர் கேட்டார். எழுந்து போய் அலமாரியைத் திறந்து பிராந்தி பாட்டிலில் ஒட்டினார்.

"ஈரல்னு அந்தம்மா சொன்னது காதுல உழுந்துச்சுங்க அம்மிணி. நாந்தான் உழாத மாதிரி உக்காந்திருந்தேன்."

ஒரே வாரத்தில் வயிறு அடங்கியது. மாதம் முடியுமுன் எலாஸ்டிக் அவிழ்ந்தது. மூலனூர் முருங்கைக்காய்கள் தப்பித்தன.

கண் மங்கி நான் வேலையை விட்டு நின்ற நாளில், கையில் ரோலோடு என்னைச் சுற்றி ஒரு முறை நடந்தார். உச்சி முதல் பாதம்வரை பார்த்தார். ஓர் அம்பும் கிழிக்காமல் ரோலைப் பைக்குள் போட்டுக்கொண்டார்.

"போய்ட்டு வாங்க அம்மிணி."

"சரிங்க" என்றேன். இன்னும் நாலு வார்த்தை சேர்த்துச் சொல்லியிருக்கலாம்.