முதலில் நகர்த்து, பிறகு விசாரி

"அத்தான், வண்டி ஒரு அடிகூட நகரல. முன்னாடி ஏதோ ஆக்சிடெண்டாம்."

"தெரியும் மச்சான். அந்த ஆக்சிடெண்டுக்கு முன்னாலதான் நின்னுட்டிருக்கேன்" என்றார் கிளியர், போனில்.

தூறல் விழுந்துகொண்டிருந்தது. நெடுஞ்சாலையின் குறுக்கே ஒரு லாரி மல்லாந்து கிடந்தது. அது ஏற்றி வந்த பாத்திரம் கழுவும் சோப்புத் திரவம் பீப்பாய் பீப்பாயாக உடைந்து, சாலை முழுக்கப் பச்சையாக வழிந்துகொண்டிருந்தது. லாரி டிரைவருக்குக் கையில் சிராய்ப்பு, அவ்வளவுதான். உயிர் போனது சாலைக்குத்தான்.

கிளியர் என்பது பட்டப்பெயர். விபத்து நடந்த இடத்தில் வண்டிகளை அப்புறப்படுத்தி, மூடிய சாலையைச் சீக்கிரம் திறந்துவிடும் பிரிவுக்கு அவர்தான் தலைவர். வேலை முடிந்ததும் வாக்கி டாக்கியில் "கிளியர்!" என்று கத்துவார். அதுவே பெயராக ஒட்டிக்கொண்டது. முன்பெல்லாம் அளவெடுத்து, படம் வரைந்து, தப்பு யார்மேல் என்று சண்டை ஓய்வதற்குள் சாலை அரை நாள் மூடிக் கிடக்கும். அவர் வந்தபிறகு ஒரே மந்திரம்: முதலில் நகர்த்து, பிறகு விசாரி.

இன்று அவருக்கு விடுப்பு. மாமனார் நேற்று வெளியூர் மருத்துவமனையில் காலமாகிவிட்டார். உடலோடு மச்சான் வந்துகொண்டிருக்க, மனைவியும் உறவுக்காரர்களும் தகனக்கூடத்தில் காத்திருந்தார்கள். கிளியர் அங்கே போகும் வழியில்தான் கட்டுப்பாட்டு அறையிலிருந்து அழைப்பு வந்தது.

மாமனார் நேரம் தவறாத மனுஷன். மருமகன் நேர் எதிர். கல்யாணத்துக்கே தாமதமாக வந்த மாப்பிள்ளை. போன வாரம் படுக்கையில் கிடந்தபடி மாமனார் கேட்டார், "ஊருக்கெல்லாம் வழி திறந்து விடறீங்க. என் காரியத்தையாவது நேரத்துக்கு முடிப்பீங்களா?"

"சத்தியமா முடிப்பேன் மாமா" என்று கையைப் பிடித்துக்கொண்டு சொல்லியிருந்தார்.

போன் அடித்தது. மனைவி.

"என்னங்க, ஆறு மணிக்குக் கேட்டை மூடிடுவாங்களாம். அப்புறம் ரெண்டு நாள் லீவாம். அப்பாவை எங்க வெச்சுக்கறது?"

"வந்துடுவார். நான் பார்த்துக்கறேன்."

"அதான் பயமா இருக்கு. ஆறு மணிக்குள்ள அப்பா இங்க வரலேன்னா, நீங்க வீட்டுக்கே வர வேணாம்."

கிளியர் தீயணைப்பு வண்டியைப் பார்த்துக் கை காட்டினார். "தண்ணியை அடிங்கய்யா! எல்லாம் கழுவிக்கிட்டுப் போகட்டும்!"

அடித்தார்கள். சோப்பு, தண்ணீர், மேலே தூறல். நுரை முழங்காலுக்கு வந்தது, பிறகு இடுப்புக்கு வந்தது. கவிழ்ந்த லாரி கண்ணுக்கே தெரியாமல் போயிற்று.

"சார், லாரி எங்க இருக்குன்னு தெரியல" என்றார் தீயணைப்பு வீரர்.

"மணலைக் கொட்டு!"

கொட்டினார்கள். மணலும் சோப்பும் கலந்து கூழானது. லாரியைத் தூக்க வந்த மீட்பு வண்டி அதில் வழுக்கி, அரை வட்டம் அடித்து, லாரிக்குப் பக்கத்திலேயே குறுக்காக நின்றது. இறங்கி ஓடிவந்த அதன் டிரைவர் காலை வைத்ததும் சறுக்கி, கணுக்கால் பிசகி, "அம்மா" என்று உட்கார்ந்துவிட்டார்.

இதுவரை ஒரு வண்டி மறித்திருந்தது. இப்போது இரண்டு.

வாக்கி டாக்கி கரகரத்தது. இரண்டாவது மீட்பு வண்டி, வாகன வரிசையின் பின்பக்கத்திலிருந்து வந்துகொண்டிருந்தது.

"சார், ஓரமா வரலாம்னா முடியல. அவனவன் வண்டியை ஓரங்கட்டிட்டு நுரையை வேடிக்கை பார்க்க வந்துட்டான். ஒரு வண்டியிலயும் ஆளைக் காணோம்!"

"நம்ம மந்திரம் மறந்து போச்சா?"

"யாராவது கேட்டா..."

"கேட்டா என்கிட்ட அனுப்பு. ஆளில்லாத வண்டி எதுவா இருந்தாலும் தூக்கிட்டுப் போய், பிடிச்ச வண்டிங்களை நிறுத்தற நம்ம யார்டுல போடு. முதல்ல நகர்த்து, பிறகு விசாரி!"

அடுத்து மச்சானைக் கூப்பிட்டார். "மச்சான், அங்க கனரக வண்டி ஓட்டத் தெரிஞ்சவன் யாராவது இருக்கானா? மீட்பு வண்டி டிரைவருக்குக் கால் போச்சு."

"நம்ம டிரைவரே பத்து வருஷம் லாரி ஓட்டினவர்தான்."

"உடனே கூட்டிட்டு வா. ஆமா, மாமா எப்படி..." என்று ஆரம்பித்து நிறுத்திக்கொண்டார்.

"அப்பாவுக்கு என்ன, ஜில்லுன்னு இருக்கார். சவ வண்டி ஒண்ணுகூடக் கிடைக்கலேன்னு ஐஸ்கிரீம் கம்பெனி வண்டியைப் பிடிச்சேன்னு சொன்னேன்ல? உங்க வண்டியைவிட ஏசி நல்லா இருக்கு."

மாமனார் வாழ்நாள் முழுக்க ஐஸ்கிரீமைத் தொடாத சர்க்கரை நோயாளி.

சற்று நேரத்தில் மச்சானும் டிரைவரும் கால்சட்டையை மடித்துவிட்டுக்கொண்டு நுரைக்குள்ளிருந்து வெளிப்பட்டார்கள். அந்த டிரைவர் கெட்டிக்காரர். மீட்பு வண்டியை இப்படியும் அப்படியுமாக ஆட்டி, கூழைவிட்டு வெளியே கொண்டுவந்தார். சங்கிலி மாட்டினார்கள். லாரி பெருமூச்சு விட்டபடி புரண்டு, நிமிர்ந்து, தரதரவென்று ஓரத்துக்குப் போயிற்று.

இரண்டாவது மீட்பு வண்டியிடமிருந்தும் தகவல் வந்தது. "ஓரம் சுத்தமாயிடுச்சு சார். எல்லாம் யார்டுல."

கிளியர் கைக்கடிகாரத்தைப் பார்த்தார். ஆறாக இன்னும் நேரம் இருந்தது. தகனக்கூடம் கூப்பிடு தூரம். நனைந்த மீசைக்குக் கீழே, அன்றைக்கு முதன்முதலாக ஒரு சிரிப்பு.

"கிளியர்!"

ஹாரன்கள் ஊளையிட, வாகனங்கள் புறப்பட்டன. கட்டுப்பாட்டு அறைப் பெண் வாக்கி டாக்கியில் குரலை உயர்த்தினாள். "சார், இவ்ளோ பெரிய விபத்துக்கு இவ்ளோ சீக்கிரம் யாருமே திறந்ததில்ல! பெரிய அதிகாரியே உங்களைப் பாராட்டச் சொன்னார்!"

"எல்லாம் எங்க மாமனார் புண்ணியம்மா" என்றார் கிளியர். கண் கலங்கியிருந்தது.

மச்சான் அவர் தோளைத் தட்டினான். "அத்தான், உங்களை என்னவோன்னு நினைச்சேன். சொன்ன சொல்லைக் காப்பாத்திட்டீங்க. அப்பா இருந்திருந்தா..."

"சரி சரி, போய் வண்டியை எடுத்துட்டு வாங்க. எங்க நிறுத்தியிருக்கீங்க?"

"அதோ, அந்த வளைவு தாண்டி ஓரமாத்தான்" என்று சொல்லிவிட்டு டிரைவரோடு ஓடினான்.

மனைவிக்குப் போன் போட்டார். "ரோடு திறந்தாச்சு. அப்பா கிளம்பிட்டார்னு வெச்சுக்க."

மறுமுனையில் விசும்பல். "தேங்க்ஸுங்க" என்றாள். கல்யாணமான நாளிலிருந்து அவள் சொன்ன முதல் தேங்க்ஸ்.

வளைவிலிருந்து மச்சான் திரும்ப ஓடிவருவது தெரிந்தது. வெறுங்கையோடு, வாயைத் திறந்தபடி. கூடவே போன் மறுபடி அடித்தது. புது எண்.

"சார், யார்டு வாட்ச்மேன் பேசறேன். நீங்க அனுப்பின ஐஸ்கிரீம் வண்டியில சரக்கு உருகிடப்போகுதேன்னு கதவைத் திறந்து பார்த்தா, உள்ள ஒரு பெரியவர் படுத்திருக்கார், எவ்வளவு எழுப்பினாலும் எழுந்திருக்க மாட்டேங்கறார்... ஆளில்லாத வண்டின்னுதானே சார் சொன்னீங்க?"