பத்து ஆடும் ஒரு பக்கெட்டும்

"இந்தப் பண்ணைக்குள்ள ஆட்டுக் குளம்பு பட்டுச்சுன்னா, அன்னையிலிருந்து எனக்கு மாட்டுத் தொழுவத்துலதான் படுக்கை!"

பண்ணைக்காரர் இப்படிச் சபதம் போட்டது மனைவியிடம். எல்லாம் மேய்ச்சல் நிலத்தில் புகுந்த முள்செடியால் வந்த வினை. போன வருஷம் மலிவாகக் கிடைக்கிறதே என்று அவர் வாங்கிப் போட்ட வைக்கோல் கட்டோடு விதை வந்து இறங்கிவிட்டது. இந்த வருஷம் பாதி நிலம் அதன் கையில். மாடு அதில் வாய் வைக்காது. இன்னும் இரண்டு வாரத்தில் பூ முற்றி விதை பறந்தால் மீதிப் பாதியும் போச்சு. மாடுகளை விற்றுவிட்டுக் கைகட்டி உட்கார வேண்டியதுதான்.

"ஆடு அதைப் பூவோட தின்னுடும்ங்க. எங்கப்பா வீட்டுல..."

"உங்கப்பா ஆட்டுக்காரர். நான் மாட்டுக்காரன். ஒத்த ஆளாப் பிடுங்கிக் காட்டறேன், பாரு!"

"சரிங்க."

இருபது வருஷக் குடித்தனத்தில் அவள் இவ்வளவு சீக்கிரம் சரி சொன்னதே இல்லை. தன் கம்பீரத்துக்குக் கிடைத்த மரியாதை என்று அவர் எடுத்துக்கொண்டார்.

"பக்கத்துப் பண்ணை அண்ணன்கிட்ட பத்து ஆடு இருக்கு. வேலியோரத்து முள்ளையெல்லாம் மொட்டையடிச்சு வச்சிருக்கு. சும்மா சொன்னேன்" என்று சொல்லிவிட்டு உள்ளே போனாள்.

மறுநாள் பத்துச் செடி பிடுங்கினார். பதினோராவது செடிக்கு இடுப்பு ஒத்துழைக்க மறுத்துவிட்டது. நேராக வேலிக்கு அந்தப் பக்கம் போய்ப் பேசி முடித்தார். மனைவி பால் சேகரிப்பு நிலையத்துக்கு வேலைக்குப் போனதும் ஆடுகள் வரும். அவள் திரும்புவதற்குள் போய்விடும். வாடகை, தினம் இரண்டு லிட்டர் பால்.

ஆடுகள் கச்சிதமாகத் தின்றன. ஆனால் தின்பதோடு முடிகிற காரியமா அது? தடயத்தை மறைக்க அவர் பக்கெட்டும் கையுமாகப் பின்னாலேயே நடந்து புழுக்கை பொறுக்கினார். செடிக்கு ஒரு தடவை குனிய மறுத்த இடுப்பு இப்போது புழுக்கைக்கு ஒரு தடவை குனிந்தது.

"என்னங்க, இடுப்பைப் பிடிச்சுக்கிட்டு நடக்கறீங்க?"

"களை பிடுங்கறதுன்னா சும்மாவா?"

"பாவம்! பால் ஏன் ரெண்டு லிட்டர் குறையுது?"

"அந்தக் கறுப்பு மாடு பாலை அடக்கிக்குது. திருட்டு மாடு!"

"அப்படியா!" என்று இன்னொரு கரண்டி தயிர் வைத்தாள். தயிர் கெட்டியாக இருந்தது. அவர் வாய்விட்டே பாராட்டினார்.

பத்தாம் நாள் நிலத்தில் பேருக்குக்கூட ஒரு பூ இல்லை. பண்ணைக்காரர் நெஞ்சு நிமிர நின்றார், இடுப்பு விட்ட அளவுக்கு. அந்த நேரம் பார்த்து அவள் சீக்கிரமே வந்துவிட்டாள். பக்கெட் சட்டென்று முதுகுக்குப் பின்னால் போனது.

"அண்ணன் வீட்டு ஆடுங்க... வேலி தாண்டி வந்துடுச்சு. விரட்டிக்கிட்டே இருக்கேன். ச்சூ! ச்சூ!"

ஒரு ஆடும் திரும்பவில்லை. அவள் நாக்கைச் சொடுக்கினாள். பத்தும் ஓடிவந்து அவள் மேல் உரசிக்கொண்டு நின்றன.

"உன்னை எப்படித் தெரியும் இதுங்களுக்கு?"

"வாங்கி மூணு மாசம் ஆச்சே, தெரியாதா? நீங்க சேர்க்க மாட்டீங்கன்னு அண்ணன்கிட்ட விட்டு வச்சிருந்தேன்."

"அப்போ அந்த ரெண்டு லிட்டர் பாலு..."

"தயிர் பிரமாதம்னு நீங்கதானே சொன்னீங்க?"

அவர் நிலத்தைப் பார்த்தார். மொட்டைத் தண்டுகளுக்கு நடுவே புல் துளிர்த்திருந்தது. நிலம் பிழைத்துவிட்டது. உள்ளுக்குள் அழுகை வருமளவுக்குச் சந்தோஷம்தான். அதை வெளியே காட்ட வழியில்லை.

சபதம் சபதம்தானே. சாயங்காலம் பாயும் தலையணையுமாகத் தொழுவத்துக்குப் போனார். காற்று வரும் மூலையில் புது வைக்கோல் மெத்தென்று பரப்பியிருந்தது. என்ன இருந்தாலும் பாசக்காரி என்று மனம் இளகிப் பாயை விரித்தார்.

"அது ஆடுங்களுக்குப் போட்டதுங்க" என்று வாசலிலிருந்து குரல் வந்தது. "நீங்க கறுப்பு மாட்டுப் பக்கம் படுங்க. அதுகிட்ட மன்னிப்புக் கேக்கணுமில்ல?"