மூக்கில் கொட்டிய தேனீக்காக ஒரு மன்னிப்பு

மதிப்பிற்குரிய சின்னதுரை அவர்களுக்கு, ரிஷிவந்தியம் தெய்வசிகாமணி வணக்கத்துடன் எழுதிக்கொண்டது. சம்பந்தி என்றே எழுதுகிறேன், கோபிக்க வேண்டாம். இங்கு யாவரும் நலம். தங்கள் மூக்கு வீக்கம் வடிந்ததா என்று அறிய ஆவல்.

நிச்சயதார்த்தத்துக்கு அழைத்துத் தேனீயை ஏவிவிட்டேன் என்று தாங்கள் சின்னசேலம் முழுக்கச் சொல்வதாகக் கேள்வி. போனையும் எடுப்பதில்லை. ஆகவே இந்தக் கடிதம்.

எங்கள் வீட்டு ஓட்டுக்கும் அதன் அடியில் அடித்த பலகைக்கும் நடுவில் தேனீ கூடு கட்டியிருந்தது. "அதுங்க யாரை இன்னா பண்ணுது? விசேஷம் முடியட்டும்" என்றாள் என் மனைவி அம்சவள்ளி. எனக்குத்தான் மனசு கேட்கவில்லை. அன்று காலை ஏணி போட்டு ஏறி, ரெண்டு ஓடுகளை நகர்த்தி, வேப்பந்தழையைக் கொளுத்திப் புகை போட்டேன். புகை மொத்தமும் வூட்டுக்குள்ள எறங்கிடுச்சிங்க. சமையல்காரர் இருமிக்கினே கேசரியில சர்க்கரைக்குப் பதிலா உப்பைக் கொட்டிட்டாரு. வூடு பத்திக்கிச்சின்னு தெருவே குடம் குடமா தண்ணி ஊத்துது, அத்தனையும் சீர்த்தட்டு மேல. அந்த நேரம் பார்த்து உங்க கார் வந்துச்சி. திரும்பிப் போங்கன்னு நான் ரெண்டு கையையும் ஆட்டினேன். நீங்க ஆசையா கூப்புடுறேன்னு நெனச்சி நேரா ஏணிகிட்டயே வந்து, "இன்னா சம்பந்தி, இந்த வயசுல..."ன்னு ஆரம்பிச்சீங்க. முடிக்கறதுக்குள்ள மூக்குல ஒண்ணு.

அப்புறம் பந்தலே காலி. மாப்பிள்ளை சரத்குமார் மட்டும் ஓடலை. எம்பொண்ணு மணிமொழியைக் கார்ல ஏத்தி கண்ணாடியை மூடிட்டு, ஏணி மேல மாட்டிக்கினு இருந்த என்னை ஜமக்காளத்தைப் போத்தி எறக்கினாரு. அவரு முதுகெல்லாம் கொட்டு. வலிக்குதான்னு கேட்டா, "உங்களுக்குத்தான் ஜாஸ்தி மாமா"ங்கறாரு. இந்தப் பிள்ளையை எப்பிடிங்க விட்டுட முடியும்?

கல்வராயன்மலையில் தேன்பெட்டி வைத்திருக்கும் ஒருவர் மறுநாளே வந்து, கூட்டைப் பெட்டிக்கு மாற்றி எடுத்துப்போய்விட்டார். கூரை இடுக்கையும் அடைத்தாயிற்று. ஆகையால் தாங்கள் கோபம் தணிந்து, வேறொரு நல்ல நாள் குறித்துத் தருமாறு கைகூப்பிக் கேட்கிறேன். தங்கள் வீட்டம்மாவுக்கு வணக்கம். மாப்பிள்ளைக்கு என் ஆசிகள்.

தங்கள் பதிலுக்குக் காத்திருக்கும்,
தெய்வசிகாமணி

பி.கு.: ஒட்டுவதற்கு முன் அம்சவள்ளிக்குப் படித்துக் காட்டினேன். விழுந்து விழுந்து சிரிக்கிறாள். அவளும் உங்க வூட்டம்மாவும் திங்கட்கிழமையே போன்ல பேசி, கல்யாணத்துக்கே தேதி குறிச்சி, மண்டபமும் புடிச்சிட்டாங்களாம். பத்திரிகை அச்சுல இருக்குதாம். "நீங்க ரெண்டு பேரும் கோவிச்சிக்கினு இருந்ததால வேலை சீக்கிரமா முடிஞ்சிச்சி"ங்கறா. உங்களுக்காவது யாராச்சும் சொன்னாங்களா, சம்பந்தி?