கடல் தாண்டிய விஷமம் அத்தை

ஸ்ரீரங்கத்தின் ஏழு பிராகாரத்துக்குள்ளும் விஷமம் அத்தையிடம் ஏமாறாதவர் ஒருவர்தான் உண்டு. அவரும் எந்நேரமும் பள்ளிகொண்டிருந்ததால் தப்பித்தார்.

அத்தை என் அப்பாவின் அக்கா. கணவர் காலமான பிறகு ஒரே பிள்ளையோடு எங்கள் வீட்டுக்கு வந்தவள். அவளுடைய நிஜப் பெயர் ரேஷன் கார்டு வருவதற்கு முன்பே எல்லோருக்கும் மறந்துவிட்டது. தபால்காரர் தாகம் என்று வந்து நின்றால் நீர்மோர் என்று சொல்லி அரிசி களைந்த தண்ணீரைக் கொடுப்பாள். அவர் குடித்துவிட்டு, "மோர் கொஞ்சம் நீர்த்துப் போச்சும்மா" என்று மரியாதையாகச் சொல்வார். எதிர்வீட்டுப் பஞ்சாங்க மாமாவின் புதுப் பஞ்சாங்கத்துக்குப் போன வருஷத்து அட்டையையும், பழையதற்குப் புது அட்டையையும் மாற்றித் தைத்து வைத்தாள். அந்த வருஷம் மாமாவை நம்பி எங்கள் தெருவே ஒரு சப்தமியன்று பட்டினி கிடந்தது. நாலு நாள் கழித்து நிஜ ஏகாதசியன்று எல்லோரும் திருப்தியாகச் சாப்பிட்டோம்.

அவளுடைய பிரதான இலக்கு அப்பாதான். அப்பா கலெக்டர் கச்சேரியில் குமாஸ்தா. வெளியே சிடுமூஞ்சி என்று பெயர். அக்காவிடம் ஏமாறும்போது மட்டும் தோள் குலுங்கச் சிரிப்பார். நாங்கள் அந்தச் சிரிப்பைப் பார்ப்பதற்காகவே அத்தைக்கு உடந்தையாக இருந்தோம்.

அந்தச் சிரிப்பு ஒருநாள் நின்றது. பினாங்கில் வேலையாக இருந்த அத்தையின் பிள்ளை, மனைவிக்குப் பிரசவ காலம், அம்மா வந்து தன்னோடு நிரந்தரமாக இருக்கவேண்டும் என்று எழுதியிருந்தான். அத்தை சரி என்றாள். நியாயம்தானே, பெற்ற பிள்ளை. தெருவில்தான் ஆளாளுக்கு வந்து கேட்டார்கள்.

"ஸ்ரீரங்கத்தை விட்டுட்டுக் கடல் தாண்டலாமோடீ?"

"ஏன், ஆஞ்சநேயர் தாண்டலையா?" என்றாள் அத்தை.

அப்பா செய்தித்தாளிலிருந்து தலையைத் தூக்காமல், "அவர் திரும்பி வந்துட்டார்" என்றார். அதன் பிறகு அவர் அக்காவிடம் அந்தப் பேச்சையே எடுக்கவில்லை. மூன்று மாதம் உம்மென்றே இருந்தார். உம்மென்று லீவு போட்டார், உம்மென்று எல்லோருக்கும் கப்பல் டிக்கெட் வாங்கினார். அத்தையைக் கொண்டுபோய் விட்டுவிட்டு, அப்படியே ஊரையும் பார்த்துவிட்டு வருவது என்று ஏற்பாடு. அம்மா, அப்பா, காலேஜ் விடுமுறையில் இருந்த நான், அத்தை, மூன்று கூடை தட்டை, ஒரு ஜாடி நார்த்தங்காய் ஊறுகாய். இத்தனையும் நாகப்பட்டினத்தில் கப்பலேறின.

முதல் நாளே அத்தை என்னைத் தனியே அழைத்தாள்.

"டேய், பினாங்கு வர்றதுக்கு அஞ்சு நாள்தான் இருக்கு. அதுக்குள்ள அம்பியைச் சிரிக்க வச்சுடணும். இந்த மூஞ்சியோட அவனை ஊருக்கு அனுப்பிட்டு நான் அங்க எப்படிடா இருப்பேன்?"

அம்பி என்றால் அப்பா. வயது நாற்பத்தைந்து.

அத்தை தாக்குதலைத் தொடங்கினாள். அப்பாவின் தலையணைக்குள் தட்டையைப் பரப்பினாள். அவர் புரண்டு படுத்தபோதெல்லாம் நொறுக் நொறுக்கென்று சத்தம் வந்தது. அப்பா எழுந்து, உறையை உதறி, தூளைத் தின்றுவிட்டுப் படுத்துக்கொண்டார். மறுநாள் அவருடைய செருப்பில் ஒன்றை ஒளித்தாள். அப்பா வெறுங்காலோடு நடந்தார். அம்மாவுக்கும் எனக்கும் வயிறு வலிக்கச் சிரிப்பு. அவர் மட்டும் கடலைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்.

நான்காம் நாள் கப்பல் பலமாக ஆடியது. அப்பா நெற்றியில் திருமண் இட்டுக்கொள்ள உட்கார்ந்தால் கோடு காதுப் பக்கம் ஓடிற்று. இரண்டு தடவை அழித்தார்.

"கொண்டா, நான் இட்டு விடறேன்" என்று அத்தை திருமண் பெட்டியை வாங்கிக்கொண்டாள். அழகாகத்தான் இட்டாள். மூக்கின்மேல் வரவேண்டிய பாதத்தை மட்டும் இடவில்லை. தென்கலைத் திருமண்ணுக்குப் பாதம் உண்டு, வடகலைக்குக் கிடையாது. இந்தச் சின்ன விஷயத்துக்காக இரு கலையாரும் கோர்ட்டுப் படி ஏறியிருக்கிறார்கள். அப்பாவோ மூன்று தலைமுறைக்குக் குறையாத தென்கலைக்காரர். அது தெரியாமல் வடகலையாராக மேல்தளத்துக்குப் போனார்.

அங்கே கும்பகோணத்துப் பெரியவர் ஒருவர் ஓடிவந்து கையைப் பிடித்துக்கொண்டார். "நம்மடவா ஒருத்தர் இருக்கேள்னு நாலு நாளாத் தெரியாமப் போச்சே!" என்று பக்கத்தில் உட்காரவைத்து, தென்கலையார் செய்யும் அக்கிரமங்களை ஒரு மணி நேரம் வரிசையாகச் சொன்னார். அதிலும் ஸ்ரீரங்கத்துக்காரர்கள் ரொம்ப மோசமாம்.

அப்பாவுக்குப் பொறுக்கவில்லை. "இதெல்லாம் எங்கிட்ட ஏன் ஸ்வாமி சொல்றேள்?"

"உம்மகிட்ட சொல்லாம? திருமண்ணைப் பார்த்தாலே தெரியறதே!"

அப்பா மெல்ல மூக்கைத் தடவிப் பார்த்தார். விரலில் ஒன்றும் ஒட்டவில்லை. எழுந்து விறுவிறுவென்று எங்களிடம் வந்து அக்காவை முறைத்தார். உதட்டை இறுகக் கடித்திருந்தார். தோள் ஒருமுறை லேசாக அசைந்தது. அவ்வளவுதான், அடக்கிவிட்டார். அத்தைக்கு அழுகையே வந்துவிட்டது.

ஆறாம் நாள் காலை பினாங்கு வந்தது. இறங்குகிறவர்கள் டிக்கெட்டைக் காட்டவேண்டும். அத்தையின் டிக்கெட்டைக் காணோம். கூடை, பெட்டி, ஊறுகாய் ஜாடி எல்லாவற்றையும் கவிழ்த்தாயிற்று. மற்றவர்களைவிட அப்பாதான் மும்முரமாகத் தேடினார். வியர்வையில் அவருடைய திருமண் கரைந்து கன்னத்தில் வழிந்தது.

"இந்த மூஞ்சியோட எம்பிள்ளை முன்னாடி நிக்காதேடா. திருமண் பெட்டியைக் குடு."

அப்பா பெட்டியை முதுகுக்குப் பின்னால் மறைத்தார். "வேண்டாம். நானே இட்டுக்கறேன்."

அத்தை பிடுங்கித் திறந்தாள். சிவப்பு ஸ்ரீசூர்ணப் பொடிக்கு அடியில் நான்காக மடித்த டிக்கெட் இருந்தது.

"என்னடா இது?"

"விஷமம்" என்றார் அப்பா. "நீ மட்டுந்தான் பண்ணணுமா?"

அத்தை வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். அதைப் பார்த்து அப்பாவும் சிரித்தார். தோள் குலுங்க, மூன்று மாதச் சிரிப்பையும் சேர்த்துச் சிரித்தார். சிரித்துக்கொண்டே இருந்தவர் திடீரென்று விசும்ப ஆரம்பித்தார். "நீ இல்லாத ஆத்துக்கு நான் எப்படிக்கா போவேன்? திரும்பி வந்துடு."

"வரேண்டா. ஆஞ்சநேயர் வரலையா?"

அத்தை முந்தானையால் அவர் முகத்தைத் துடைத்து, நிதானமாகத் திருமண் இட்டாள். "கண்ணாடி வேணுமா?"

"வேண்டாம்" என்றார் அப்பா.

பாதம் இல்லை. எனக்குத் தெரிந்தது, அம்மாவுக்கும் தெரிந்தது. அப்பாவுக்கும் தெரிந்துதான் இருக்கவேண்டும். அந்த முகத்தோடு கம்பீரமாக இறங்கிப்போனார்.

அத்தை திரும்பி வரவில்லை. ஒரு பேரன், அப்புறம் இரண்டு பேத்திகள் என்று அங்கேயே வேரூன்றிவிட்டாள். கடிதம் மட்டும் மாதம் தவறாமல் வந்தது. சில தடவை உறைக்குள் வெறும் காகிதம் இருக்கும். விஷயம் அடுத்த தபாலில் வரும்.

பினாங்குத் தபால் வந்தால் அப்பா உடனே பிரிக்கமாட்டார். உள்ளே போய், துண்டின் நுனியை நனைத்து, மூக்கின்மேல் இருக்கும் பாதத்தை மட்டும் துடைத்துவிட்டு வந்து உட்காருவார். கடிதத்தைப் படித்து முடிக்கும் வரை அப்பா வடகலையாகவே இருப்பார்.