எரியாத வாயுவும் எரிந்த புருவமும்

ஒன்றுமே தெரியாதவன் பேசினால் ஊர் காது கொடுக்காது. நன்றாகத் தெரிந்தவன் பேசினால் கொஞ்சம் கேட்கும். அரைகுறையாகத் தெரிந்தவன் பேசினால்தான் திரண்டு வேடிக்கை பார்க்க வரும். எண்பதுகளின் தொடக்கத்தில், கல்முனைக்கு மேற்கே ஒரு வயல்வெளியில், என்னைப் பார்க்க அப்படி ஒரு கூட்டம் வந்தது.

பூமிக்குள் ஹீலியம் வாயு இருக்கிறதா என்று துளைத்துப் பார்க்கக் கொழும்பிலிருந்து ஒரு குழு வந்திருந்தது. எஞ்சினியர் சிங்களவர். எனக்குச் சிங்களம் தெரியும் என்பதால் மொழிபெயர்க்கச் சேர்த்துக்கொண்டார்கள். (ஏ.எல். பரீட்சையில், விஞ்ஞானப் பிரிவில் கோட்டை விட்டவன் என்பதை அவர்கள் கேட்கவில்லை, நானும் சொல்லவில்லை.) எஞ்சினியர் எவ்வளவோ விளங்கப்படுத்தினார். என் மண்டையில் நின்றது, ஹீலியம் எரியாது என்பது மட்டும்தான். அதை வைத்துக்கொண்டு தேநீர்க்கடைகளில் நான் நடத்திய விரிவுரைகளை நினைத்தால் இன்றும் கூசுகிறது.

துளை போட்ட வயல் அலியார் போடியாருடையது. ஊரில் பெரிய வயல்காரர். அவருடைய மகள் ரமீஸாவைத்தான் எனக்குப் பேசி முடித்திருந்தார்கள். எங்கள் பக்கத்தில் மாப்பிள்ளைதான் பெண் வீட்டுக்குக் குடிபோவது. ரமீஸாவுக்கென்று கட்டிய வீட்டுக்குப் பெயின்ட் அடித்து, கலியாணத்துக்கு நாளும் குறித்தாகிவிட்டது.

ஒரு நாள் காலையில் துளைக் குழாயைச் சுற்றித் தேங்கிய சேற்றுத் தண்ணீரில் குமிழ் குமிழாக வாயு வந்தது. அதைப் பிடித்துச் சோதிக்கப் போத்தல் எடுத்துவர எஞ்சினியர் அம்பாறைக்குப் புறப்பட்டார். தான் வரும்வரை யாரும் கிட்டப் போகக்கூடாது என்றார். அதை எல்லோருக்கும் தமிழில் சொன்னவன் நான்தான். (என்னைத் தவிர எல்லோருக்கும் விளங்கிவிட்டது.)

பகலாவதற்குள் 'வயல் வெடிக்கப் போகுது' என்று ஊரெல்லாம் கதை. போடியார் குடையோடு வந்தார். பின்னால் பாதி ஊர்.

"தம்பி, இது வெடிக்கிற சாமானாம். வயலும் போய் மருமகனும் போனா என்ட புள்ளைக்கு ஆர் பதில் சொல்ற? மெஷினத் தூக்கச் சொல்லுங்க. கலியாணத்தையும் நிப்பாட்டி வைப்பம்."

ரமீஸாவை ஒரே ஒரு தடவை, அதுவும் ஜன்னல் சீலை மறைத்ததுபோக மிச்சமிருந்த பாதி முகம்தான் பார்த்திருந்தேன். மீதியையும் பார்க்காமல் சாக எனக்கு விருப்பமில்லை.

"மாமா, இது ஹீலியம். பத்தவே பத்தாது. தண்ணி பத்துமா? அதே மாதிரித்தான்."

"மெய்தானா?"

"பாருங்களன்!"

சுருட்டுப் பிடித்துக்கொண்டிருந்த ஒருவரிடம் நெருப்புப்பெட்டி வாங்கினேன். கூட்டம் பின்னுக்குப் போனது. "பயப்படாம கிட்ட வாங்க" என்று கூப்பிட்டேன். ஒரு குஞ்சும் வரவில்லை. குனிந்து, பிஸ்மி சொல்லிக் குச்சியை உரசினேன்.

வந்தது ஹீலியம் அல்ல. சேற்றுக்குள் அழுகிய வைக்கோலும் வேரும் விட்ட வாயு என்று பின்னேரம் எஞ்சினியர் சொன்னார். அது மிக நன்றாக எரியும். குப்பென்று நீல நெருப்பு முகத்தைத் தடவியதும் நான் வரம்பில் மல்லாந்து கிடந்தேன். ஆட்டுத்தலை வாட்டிய மணம் அடித்தது. வாட்டப்பட்டது என் தலை. இரண்டு புருவமும், முன்மயிரும், ஆசையாக வளர்த்த மீசையில் பாதியும் போய்விட்டன.

"யா அல்லாஹ், மாப்புள்ளட மொகத்தக் காணல்லியே!" என்று யாரோ கத்தினார்கள். கூட்டம் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தது. எனக்கு அழுகை வந்துவிட்டது.

"கலியாணத்த நிப்பாட்டுங்க மாமா" என்று நானே சொன்னேன்.

போடியார் குடையை எனக்குப் பிடித்தபடி கூட்டத்தைப் பார்த்தார். "சிரிச்சது காணும், நிப்பாட்டுங்க. பொய்க்காரன் எண்டா நெருப்புப்பெட்டிய வேற ஒருத்தன்ட கையில குடுத்திருப்பான். இவன் தான் சொன்னத நம்பித் தானே போய்க் குனிஞ்சான். மடையன்தான். ஆனா கள்ளன் இல்ல. மத்தத என்ட மகள் பாத்துக்குவாள்."

அன்றே என் வேலை போனது. ஹீலியமும் கிடைக்கவில்லை. கலியாணம் மட்டும் சொன்ன நாளில் நடந்தது. என் கூடப்பிறந்த ராத்தா கண்ணுக்கு இடும் சுருமாவால் எனக்குப் புருவம் வரைந்துவிட்டார். நிக்காஹ் முடிவதற்குள் அது வியர்வையில் கரைந்து கன்னம்வரை இறங்கியிருந்தது. ரமீஸா என் முகத்தை முதன்முதலாக முழுசாகப் பார்த்தது அந்தக் கோலத்தில்தான். முந்தானையை வாயில் அடைத்துக்கொண்டும் அவளால் சிரிப்பை அடக்க முடியவில்லை.

அவளுடைய வாப்பா ஒப்படைத்த வேலையை அவள் இன்றும் செய்கிறாள். 'இண்டைக்கு மழை வராது' என்று நான் அடித்துச் சொன்னால் போதும், வாய் திறக்காமல் இரண்டு கையாலும் தன் புருவங்களைப் பொத்திக்கொள்வாள். பிள்ளைகளும் பழகிவிட்டார்கள்.

போன மாதம் இளைய மகளுக்கு மாப்பிள்ளை பேச ஆட்கள் வந்தார்கள். "எங்கட புள்ள கோபமே படாதவள்" என்று நெஞ்சை நிமிர்த்திச் சொன்னேன். வந்தவர்கள் திருதிருவென்று விழித்தார்கள். திரும்பிப் பார்த்தேன். மனைவி, பிள்ளைகள், பேரன், கதவுச்சீலைக்குப் பின்னால் அந்தக் கோபமே படாத மகள் உட்பட, எல்லோருடைய கையும் புருவத்தில்.

மாப்பிள்ளையின் உம்மா பரிவோடு கேட்டார்: "என்ன, வீட்டில எல்லாருக்கும் தலையிடியா?"